தலை அரிப்பில் தொடங்கி, தொண்டை வரை

தலை அரிப்பதையெல்லாம் ஒரு நோய் என்று யாராவது உட்கார்ந்து எழுதுவார்களா என்று என் மச்சான் கேட்டார். எழுதுவார்கள், அந்த அரிப்பு மூச்சுக்குழாய் வரைக்கும் இறங்கியிருந்தால். எங்கள் பள்ளிவாசலின் பழைய மினாராவை எந்த மாதம் இடித்தார்கள், எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது எந்தக் கோடைக்குப் பிறகு என்று யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். நடந்ததை நடந்த வரிசையில் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் இதைப் பழக்கத்தால் எழுதவில்லை. பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. எழுதினால் கொஞ்சம் தள்ளி நிற்கும் என்று நினைக்கிறேன். இதைப் படிக்கிற ஒருவராவது தன் தலையைக் காப்பாற்றிக்கொண்டால் அதுவும் நல்லது.

திண்டுக்கல்லில் எனக்குத் தோல் மண்டி. கசாப்புக் கடைகளிலிருந்தும் சுற்றுவட்டாரச் சந்தைகளிலிருந்தும் உப்புப் போட்டு வருகிற ஆட்டுத் தோல்களைத் தரம் பிரித்து, பதனிடும் ஆலைகளுக்கு அனுப்புகிறேன். அம்மைத் தழும்பு, முள் கீறல், உண்ணி கடித்த துளை என்று ஒரு தோலில் என்னென்ன கோளாறு உண்டோ அத்தனையும் விரலால் தடவியே சொல்லிவிடுவேன். வீட்டில் மனைவி ரஹ்மத்து, ஒரே மகள் யாஸ்மின். போன ஆவணியில் யாஸ்மினுக்கு நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் நத்தத்தில் புளி வியாபாரம் செய்கிறவர்கள். நிக்காஹ் தை மாதம் என்று முடிவானது.

புரட்டாசி பிறந்த கையோடு அரிப்பு வந்தது. முதலில் பிடரி, பிறகு காதுகளுக்குப் பின்னால். சீப்பில் வழக்கத்தைவிட அதிகமாக முடி. தோளில் வெள்ளைச் செதில். பொடுகு என்று நினைத்துக் கடையில் கிடைத்த ஷாம்பூவைப் போட்டேன். கேட்கவில்லை என்றதும் தெருமுனை டாக்டரிடம் போனேன். அவர் பொறுமையானவர். தலையில் வருகிற சங்கடங்கள் பெரும்பாலும் மூன்று வகை என்று சொன்னார். பொடுகு என்பது எண்ணெய்ப் பசையில் வளருகிற ஒரு நுண்ணுயிரால் செதில் உதிர்வது. ஆபத்தில்லை, போய்ப்போய்த் திரும்பும். படர்தாமரை என்பது பூஞ்சை. பெரியவர்களின் தலைக்கு அது அரிதாகத்தான் வரும். புழுவெட்டு என்று நாம் சொல்வதில் புழுவும் கிடையாது, வெட்டும் கிடையாது. உடம்பின் காவல் படையே வழிதவறி முடியின் வேரைத் தாக்குவதால் நாணயம் போல வழவழவென்று ஒரு வழுக்கை விழும். என் செதிலைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். பூஞ்சை இல்லை என்று வந்தது.

"அப்ப என்ன டாக்டர் இது?"

"ஏதோ ஒத்துக்காம இருக்கு பாய். உப்பு, தூசி, வேர்வை. மண்டியில தலைக்குத் துண்டு கட்டிக்கங்க."

ரஹ்மத்துக்கு இந்த விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. "சூடு. அம்புட்டுத்தான். கல்யாணச் செலவ நெனச்சு நெனச்சு மண்டைக்கு ஏறிப்போச்சு," என்றாள். சூட்டுக்கு மருதாணியைவிடக் குளிர்ச்சி வேறு என்ன இருக்கிறது?

அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். நரை விழுந்த நாளிலிருந்து எனக்குத் தலைக்கும் தாடிக்கும் மருதாணிதான். மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று கறுப்புச் சாயம் பூசுவது எங்கள் வீட்டில் ஆகாது. மருதாணி இடுவதுதான் சிறப்பு என்று என் அத்தா காலத்திலிருந்து வழக்கம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வியாழக்கிழமை மாலையில் ரஹ்மத்து குழைத்துப் பூசிவிடுவாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குச் சுத்தமாகப் போவேன். பழைய மருதாணி தலையைச் செங்கல் நிறமாக்கும். நிச்சயத்துக்கு முன்பு, "சம்மந்தி வீட்டுக்காரவுக முன்னால இப்படிச் செம்பட்டையா நிக்காதீங்க," என்று சொல்லி, கடையிலிருந்து கரு மருதாணி என்று ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். உறையில் பச்சை இலைப் படம். ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டியதில்லை. தண்ணீரில் குழைத்துச் செத்த நேரத்தில் பூசிவிடலாம். தலை கரும்பழுப்பாகப் பளபளத்தது. வெயிலில் பார்த்தால் உள்ளே சிவப்பு தெரிந்ததால் எனக்கும் மனம் உறுத்தவில்லை. இலை ஒன்றுதான், இது நன்றாக அரைத்தது என்று இருவரும் நம்பினோம்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை கண் விழித்தபோது இமைகள் பாதிதான் திறந்தன. நெற்றி முழுக்க நீர் கோத்த மாதிரி வீங்கியிருந்தது. கண்ணாடியில் தெரிந்தது என் முகமில்லை. யாஸ்மின் தேநீரோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அத்தா, நீங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குள் இறக்கிய குளிரை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஊசி போட்டார்கள், சிறுநீரகம் பழுதானாலும் முகம் வீங்கும் என்று சொல்லி இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரி. அங்கிருந்த டாக்டர் என் தொழிலைக் கேட்டார். தோல் என்றதும் அவர் முகத்தில் விடை கிடைத்த திருப்தி வந்தது. "அதான்! ஆலையில போடுற ரசாயனம். இனி மண்டிப் பக்கம் போகாதீங்க," என்றார். எங்கள் மண்டிக்கு வருவது உப்புத் தோல், ரசாயனம் ஆலையில்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அடுத்த நோயாளிக்குத் திரும்பிவிட்டார். பில்லைக் கட்டிவிட்டு மச்சான் வெளியே வந்து, "இந்தக் காசுக்கு ஒரு நல்ல பேராவது வெச்சிருக்கலாம் இந்த நோய்க்கு," என்றார்.

மண்டியை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருந்தேன். தலையில் புண் ஆறும் வரை எதுவும் பூசக் கூடாது என்றிருந்ததால் பூசவில்லை. ஒரு மாதம் நன்றாகவே இருந்தேன். அப்படியென்றால் தோல்தான் காரணம் என்று எல்லோரும் முடிவுக்கு வந்தார்கள், நானும் வந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் விஷக் காய்ச்சல் என்று சொல்லி வைத்தோம். பெண்ணின் அத்தாவுக்குத் தோல் நோய் என்று காதில் விழுந்தால், நாளை பெண்ணுக்கும் வரும் என்று பேச ஊரில் ஆள் இருக்கிறது.

கார்த்திகையில் பத்திரிகை கொடுக்கக் கிளம்ப வேண்டியிருந்தது. தாடி வெள்ளையாக வளர்ந்து கிடந்தது. ஒரு வியாழன் மாலை ரஹ்மத்து கெட்டியாகக் குழைத்து, தலை, தாடி, மீசை எல்லாவற்றுக்கும் பூசினாள். மறுநாள் ஜும்ஆவில் ஸஜ்தாவில் நெற்றி தரையில் பட்டபோதே எரிந்தது. சனிக்கிழமை காலை கண்கள் முழுவதும் மூடிக்கொண்டன. தலையிலிருந்து நீர் வடிந்து தலையணை நனைந்திருந்தது. மதியத்துக்குள் கழுத்துக்கும் தாடைக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. பேசினால் வேறு யாரோ பேசுகிற மாதிரி அடைத்த குரல்.

அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்கள். எனக்குக் கண் தெரியாது. ரஹ்மத்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு துஆ ஓதிக்கொண்டே வந்தாள். யாஸ்மின் முன்னால் உட்கார்ந்து, "அண்ணே, சீக்கிரம் போங்கண்ணே, ஹாரன் அடிங்கண்ணே," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் மூச்சு உள்ளே போகிறதா என்று நானே காது கொடுத்துக் கேட்டேன்.

அவசரப் பிரிவில் யாரோ என் வாயைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு பெண் குரல், "தொண்டை இன்னும் தெரியுது. ஆனா ட்ரேயைப் பக்கத்துலயே வைங்க," என்றது. என்ன ட்ரே என்று கேட்டேன். மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்டால் கழுத்தின் முன்பக்கம் சின்னத் துளை போட்டு அதன் வழியாக மூச்சு விடச் செய்வார்களாம், அதற்கான கருவிகள். அந்தப் பெண் டாக்டர் இதை ஒளிக்காமல், மெதுவாகச் சொன்னார். என் வாழ்நாளில் கேட்ட எந்தச் செய்தியும் அப்படிப் பயமுறுத்தியதில்லை. கண் மூடியிருந்ததால் அந்த ட்ரே எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. கையை நீட்டித் துழாவினேன். சில்லென்ற தகட்டில் விரல் பட்டதும் இழுத்துக்கொண்டேன்.

அவர் கேள்விகள் கேட்டார். புது சோப்பு? புது மாத்திரை? மீன், கத்தரிக்காய்? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"தலைக்கு டை போடுவீங்களா?"

நான் வாய் திறப்பதற்கு முன் ரஹ்மத்து பதில் சொன்னாள். அவள் குரலில் லேசான கோபம். "அதெல்லாம் எங்க வீட்ல ஆகாதுங்க டாக்டர். மருதாணி மட்டுந்தான்."

"மருதாணி நல்லதுதான்," என்றார் டாக்டர். "என்ன வேலை பாக்குறீங்க?"

"தோல் மண்டி."

அவர் என் தலையை மறுபடி விலக்கிப் பார்ப்பதை உணர்ந்தேன். பக்கத்தில் யாரிடமோ, "பொருக்கு கறுப்பா இருக்கு. சுத்தி வீக்கம். ஸ்வாப் எடுங்க, தனி ரூமுக்கு மாத்துங்க," என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

கறுத்த பொருக்கு, சுற்றிலும் பெருத்த வீக்கம், தோல் வியாபாரி. நிறையப் படிப்பதில் உள்ள தீமை அன்று புரிந்தது. அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது: ஆந்த்ராக்ஸ். ஆடு மாடுகளுக்கு வந்தால் நம் பக்கத்தில் அடைப்பான் என்பார்கள். செத்த பிராணியின் தோலிலும் ரோமத்திலும் அந்தக் கிருமி வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்கும் என்றும், தோலைக் கையாளுகிறவன் உடம்பில் ஒரு கறுத்த புண்ணாக எழும் என்றும் பழைய மருத்துவக் கட்டுரைகளில் படித்திருக்கிறேன். ரஹ்மத்திடம் சொல்லவில்லை. "தனி ரூமா? கவர்மெண்டு ஆஸ்பத்திரியில தனி ரூம் கொடுத்திருக்காக பாருங்க," என்று அவள் சந்தோஷப்பட்டாள். அவளை உள்ளே வராதே என்று எப்படிச் சொல்வது? என் கையைத் தொடாதே, தலையணை உறையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைக்காதே என்று என்ன காரணம் சொல்வது? கோபித்துக்கொண்ட மாதிரி நடித்தேன். "சும்மா சும்மா வந்து தொந்தரவு பண்ணாத," என்றேன். அவள் அழுதுகொண்டே போய் வராந்தாவில் உட்கார்ந்தாள். அங்கிருந்தும் அவள் மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது.

பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் என் கைகளில் போன கோடை முழுக்க வந்து போன தோல்களை நினைவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எந்தச் சந்தைத் தோல், யார் கொண்டு வந்தது, எது நோய்ப்பட்ட ஆடு. மச்சான் இப்போது அதே தோல்களைத் தொட்டுக்கொண்டிருப்பார். கண் லேசாகத் திறந்த நாளன்று யாஸ்மினின் அலைபேசியை வாங்கி, என் தலையைப் படமெடுத்துப் பார்த்தேன். உச்சியில் பொருக்கு, ஓரங்களில் வெடிப்பு, இடையிடையே முடி கொத்தாகப் போன பொட்டல். மண்டிக்கு இப்படி ஒரு தோல் வந்திருந்தால் கையில் எடுக்காமலே கழிவில் தள்ளியிருப்பேன்.

ஆந்த்ராக்ஸ் இல்லை என்று முடிவு வந்தது. செவிலியர்தான் முதலில் வந்து சொன்னார். "ஒண்ணுமில்ல பாய், வார்டுக்குப் போலாம்," என்றார். ஒன்றுமில்லை என்ற சொல் ஆறுதலாக இல்லை. அடைப்பானும் இல்லை, சிறுநீரகமும் இல்லை, ஒரு மாதமாக நான் மண்டிக்கே போகவில்லை. அப்படியென்றால் என்னை இரண்டுமுறை வீங்க வைத்தது எது? அது எங்கேயோ இருக்கிறது. சோற்றிலா, போர்வையிலா, வீட்டுச் சுவரிலா? மூன்றாம் முறை வரும்போது ஆட்டோ கிடைக்காவிட்டால்? நிக்காஹ் மேடையில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து என் மகளை ஒப்படைக்க வேண்டியவன் நான்.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் கருப்பையா, எரியோட்டுக்காரர். வெங்காயம் போடுகிற சம்சாரி. காலில் புண் ஏறிச் சீழ் வைத்துப் படுத்திருந்தார். வாய் மட்டும் படுக்கவில்லை.

"பாய், அன்னிக்கு உங்கள ஸ்ட்ரெச்சர்ல கொண்டு போறப்ப பாத்தேன். மூஞ்சி பரங்கிக்கா கணக்கா இருந்துச்சு. இன்னிக்குச் சொரைக்காதான். நாளைக்குக் கத்தரிக்காயாகிப் போயிரும், வெசனப்படாதீக."

"உங்க வெங்காயத்தத் தேய்ச்சா முடி வளருமாமே," என்றேன்.

"வளந்தா எனக்கு ஏன் இப்படி?" என்று தன் வழுக்கையைத் தட்டிக் காட்டினார். "முப்பது வருசமா அந்த மூட்டையத் தலையிலதான் சொமக்கேன்."

எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். சிரித்தபோது உதடு வெடித்து வலித்தது.

முகம் வற்றி, பொருக்கு காய்ந்து, நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்ற நிலையில் அது நடந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் அன்று மாலை என்னைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்திருந்தது. விஷக் காய்ச்சல்காரன் வேரில் வெள்ளை தெரிய, பாதி தாடி உதிர்ந்து கிடந்தால் என்ன நினைப்பார்கள்? ரஹ்மத்து வீட்டுக்குப் போய்ச் சோறு கொண்டு வந்தபோது ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் பொட்டலமும் கொண்டு வந்தாள்.

"தலையில வெக்க வேணாம், புண்ணு இருக்கு. தாடிக்கு மட்டும் லேசாத் தடவுறேன். குளிர்ச்சியா இருக்கும்," என்றாள்.

"பாய்க்கு மாப்பிள்ளை அலங்காரம் நடக்குதா? பொண்ணுக்குத்தான் கல்யாணம்னு சொன்னீக?" என்றார் கருப்பையா.

"சும்மா கெடங்கண்ணே," என்று சிரித்துக்கொண்டே அவள் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் குழைத்து என் கட்டில் ஓரத்தில் வைத்தாள். கழுத்தைச் சுற்றித் துண்டு கட்ட ஆரம்பித்தாள். அந்த நேரத்தில் தோல் நோய்ப் பிரிவு டாக்டரம்மா சுற்றுக்கு வந்தார். பழனிப் பக்கம் கீரனூர்க்காரர். அவசரமாகப் பேசினாலும் மரியாதையாகப் பேசுகிறவர். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கிண்ணத்தைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இது என்னங்க?"

"மருதாணி டாக்டரம்மா."

"மருதாணி எப்படிங்க கறுக்கும்?"

நாங்கள் மூவரும் கிண்ணத்தைப் பார்த்தோம். ஊற்றும்போது பச்சையாக இருந்த கூழின் மேல், காற்றுப்பட்ட இடமெல்லாம் மெல்லிய கறுப்பு ஏடு படிந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அகலமானது. டாக்டரம்மா பொட்டலத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியை உயர்த்தி, இலைப் படத்துக்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்துகளைப் படித்தார். பிறகு கிண்ணத்தைத் தானே எடுத்துப் போய்த் தூரத்து மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

"கடைசியா எப்பங்க பூசினீங்க?"

வீங்கிய சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன், வியாழக்கிழமை என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அதற்கு முன்னால் பூசியதும் ஒரு வியாழன். சனிக்கிழமை தோறும் விழுந்த அடி, வியாழக்கிழமைகளிலிருந்து கிளம்பி வந்திருக்கிறது.

அவர் கட்டில் ஓரத்தில் நின்றபடி விளக்கினார். மருதாணி இலையில் இருக்கிற சாயம் சிவப்பும் ஆரஞ்சும்தான் தரும். எத்தனை அரைத்தாலும் கறுப்பு தராது. கறுப்பு வேண்டுமென்றால் ஒரு ரசாயனம் சேர்க்க வேண்டும். பி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். கறுப்பு டைகள் பெரும்பாலானவற்றில் இருப்பதும் அதுதான். பலருக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்கு மட்டும் உடம்பு அதை எதிரி என்று பதிந்துகொள்ளும். முதல் சில தடவை லேசான அரிப்பு. அதைத்தான் பொடுகு என்று நினைத்திருக்கிறோம். பிறகு ஒவ்வொரு முறையும் வேகம் கூடும். பட்டவுடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் பொங்கும். அதனால்தான் யாருக்கும் அதன்மேல் சந்தேகம் வருவதில்லை. அவசரப் பிரிவில் பார்த்த கறுத்த பொருக்கின் பாதிக் கறுப்பு, சாயத்தின் கறுப்பு.

"இனிமே?" என்றேன்.

"ஆயுசுக்கும் ஆகாதுங்க. உடம்பு இதை மறக்காது. அடுத்த தடவை தொண்டை நம்மளக் கேட்டுட்டு வீங்காது."

அதன் பிறகுதான் ரஹ்மத்து இல்லாததைக் கவனித்தேன். வார்டுக் கோடியில் இருந்த குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள். சோப்புப் போட்டாள், கழுவினாள், மறுபடி சோப்புப் போட்டாள். யாரோ பாத்திரத்தோடு அவளுக்குப் பின்னால் காத்திருந்தார்கள். டாக்டரம்மா போன பிறகு வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்தாள்.

"என் கையாலயா?" என்றாள்.

"எல்லாருக்கும் ஒத்துக்கிறது எனக்கு ஒத்துக்கல. உன் கை என்ன பண்ணும்?"

"கழுத்தச் சுத்தித் துண்டு கட்டிட்டேங்க. இன்னும் செத்த நேரத்துல பூசியிருப்பேன்."

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரம் காயவில்லை. கருப்பையா முதல்முறையாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்று மாலை வந்த மாப்பிள்ளையின் தகப்பனாரிடம், தலையைத் துண்டால் மறைத்துக்கொண்டு, விஷக் காய்ச்சல் என்றே சொல்லி அனுப்பினோம். மார்கழியில் ஊசி மாத்திரையெல்லாம் நிறுத்திச் சில வாரம் கழித்து ஒட்டுச் சோதனை செய்தார்கள். சந்தேகப்படுகிற பொருள்களை மிகச் சொற்பமாகச் சின்னச் சின்ன வட்டுகளில் வைத்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் குளிக்காமல் விட்டு, பிறகு எடுத்துப் பார்ப்பார்கள். எங்கே சிவந்து தடித்திருக்கிறதோ அது எதிரி. தோல் பதனிடும் ரசாயனங்கள் இருந்த இடம் வெறும் முதுகாக இருந்தது. பி.பி.டி. இருந்த இடத்தில் கொப்புளம். மண்டிக்கு நான் தாராளமாகப் போகலாம் என்றார் டாக்டரம்மா. அந்த இரண்டு நாளும் முதுகில் பாம்பைக் கட்டிக்கொண்டு படுத்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு விழுங்கலையும் எண்ணிப் பயந்தேன்.

முடி கொட்டுவது வீடு திரும்பிய பிறகும் நிற்கவில்லை, அதிகமானது. மறுபடி ஓடினேன். அதற்கும் காரணம் சொன்னார். தலையில் எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. பெரும்பகுதி வளரும், ஒரு பங்கு ஓய்வில் இருந்து உதிரும். உடம்பு பெரிய அதிர்ச்சியைப் பார்த்தால் ஏராளமான முடி ஒன்றாக ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாக உதிரும். வேர் சாகவில்லை, திரும்ப வளரும். உச்சியில் புண் ஆழமாகப் போன ஓர் இடம் மட்டும் தழும்பாகிவிட்டது, அங்கே வளராது. விடைபெறும்போது கூப்பிட்டு நிறுத்தினார். "கல்யாண வீடுங்க. கறுப்பாப் பிடிக்கிற கோன் மருதாணியிலயும் இது இருக்கலாம். பல பேருக்கு இந்த ஒவ்வாமை ஆரம்பிக்கிறதே அங்கதான். பொண்ணு கையில வெக்க விடாதீங்க."

யாஸ்மினிடம் சொன்னேன். "சரித்தா," என்றாள்.

நிக்காஹுக்கு முந்திய நாள், மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நத்தத்திலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். மருதாணி இடுவதற்கு. பெண்ணின் உள்ளங்கையில் முதல் மருதாணியை மாமியார்தான் வைக்க வேண்டும். அதற்கான மருதாணியும் அவர்கள் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். தட்டுகளில் பட்டு, பூ, பழம், இனிப்பு. ஒரு தட்டில் பெட்டி நிறையக் கோன்கள். ரஹ்மத்து சமையற்கட்டுக்கு ஓடி வந்தாள்.

"கறுப்புக் கோனுங்க. பெட்டியிலயே போட்டிருக்கு. நான் எப்படி வேணாங்கறது? மொத நாளே அவுக மொகத்துல அடிச்ச மாதிரி ஆயிருமே. ஏன்னு கேட்டா என்னத்தச் சொல்ல?"

விஷக் காய்ச்சல் என்றுதான் அவர்களிடம் சொல்லியிருந்தோம். உள்ளே பெண்கள் சிரிக்கிற சத்தம். "கைய நீட்டு புள்ள, வெக்கப்படாத," என்று ஒரு குரல். நாளைக்குப் போய் வாழப்போகிற வீட்டாரிடம் யாஸ்மின் என்ன சொல்ல முடியும்? என் தொண்டை இறுகியது. வீக்கம் இல்லை, பயம்தான். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில்தான் பிடிக்கின்றன.

வாசலில் நின்று கனைத்தேன். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். சம்மந்தியம்மா கோனைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தார். "வாங்க சம்மந்தி. இப்பத்தான் ஆரம்பிக்கிறோம்."

"அத வெக்காதீங்க," என்றேன். தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்து காட்டினேன்.

யாரோ ஒரு சின்னப் பெண் "அய்யோ" என்றாள்.

"யா அல்லாஹ்," என்றார் சம்மந்தியம்மா. "இது காய்ச்சல்ல வந்ததா?"

"இல்ல. கறுப்பு மருதாணியில வந்தது. மூச்சு நிக்கப் பாத்துச்சு. கழுத்துல ஓட்டை போடறதுக்கு எல்லாம் எடுத்து வெச்சுட்டாக."

"இம்புட்டையும் மறைச்சீகளா?"

"மறைச்சோம்."

"தொத்துமா?"

"தொத்தாது. எல்லாருக்கும் வரவும் வராது. வந்துட்டா ஆயுசுக்கும் போகாது."

அவர் என் தலையை இன்னொருமுறை பார்த்தார். பிறகு யாஸ்மினின் விரித்த உள்ளங்கையைப் பார்த்தார். ஒரு பொட்டுக்கூட இன்னும் விழவில்லை. கோனைப் பெட்டிக்குள் போட்டு மூடி, காலால் சுவரோரம் தள்ளிவிட்டார். "தொப்பியப் போடுங்க சம்மந்தி, காத்துப் படப்போவுது," என்றார்.

நான் வெளியேறத் திரும்பினேன். "இருங்க," என்று அவர் முக்காட்டுக்குள்ளிருந்து தன் இடது கையை எடுத்து நீட்டினார். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுக்கு மேல் வரை கொடியும் பூவுமாக மைக் கறுப்பு.

"எனக்கு நேத்தே வெச்சு விட்டாளுக. இதே பெட்டிதான்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். தோல் சிவக்கவில்லை, தடிப்பும் இல்லை. ஆனால் ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

"அரிக்குதா?" என்று கேட்டேன்.

அவர் கையைத் தானும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நீங்க சொல்ற வரைக்கும் அரிக்கல," என்றார்.